ஃபேக்ஸுக்குக் காது கிடையாது

2018 நவம்பர் 21-ஆம் தேதி இரவு டிவியில் ஓடிய செய்தி பலருக்கு நினைவிருக்கும். ஜம்மு-காஷ்மீரில் ஆட்சியமைக்க உரிமை கோரி மெஹபூபா முஃப்தி ஆளுநர் மாளிகைக்கு ஒரு கடிதத்தை ஃபேக்ஸ் செய்யப் பார்த்தார். போகவில்லை. கடிதத்தை ட்விட்டரில் போட்டு, ஃபேக்ஸை வாங்கமாட்டேன் என்கிறார்கள் என்று புலம்பினார். அன்று இரவே சட்டமன்றம் கலைக்கப்பட்டது. மீலாது நபி விடுமுறை, மெஷின் பக்கத்தில் ஆள் இல்லை என்று பிறகு ஆளுநர் சத்யபால் மலிக் விளக்கம் சொன்னார். இந்தக் காலத்தில் போய் ஃபேக்ஸா என்று நாடே சிரித்தது.

நானும் சிரித்தேன். ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. ஏனென்றால் அதற்குப் பத்து வருஷம் முன்பு, 2008-ல், புனேயில் ஒரு ஆபீஸின் ஃபேக்ஸை என் கையாலேயே கிட்டத்தட்ட இரண்டு வாரம் கெடுத்து வைத்திருந்தவன் நான். அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் 1843-லிருந்து ஆரம்பிக்க வேண்டும். பயப்படாதீர்கள், சீக்கிரமே புனேக்கு வந்துவிடலாம்.

ஃபேக்ஸ், போனுக்குப் பின்னால் வந்த சமாச்சாரம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. கிரஹாம் பெல் டெலிபோனுக்குக் காப்புரிமை வாங்கியது 1876-ல். ஃபேக்ஸின் மூலக் கருவிக்கு அலெக்சாண்டர் பெய்ன் காப்புரிமை வாங்கியது 1843-ல். போனுக்கு 33 வருஷம் மூத்தது ஃபேக்ஸ்! பெய்ன் ஸ்காட்லாந்தின் வடகோடிக்காரர், ஏழை விவசாயியின் மகன், கடிகாரத் தொழில் கற்றவர். மின்சாரக் கடிகாரத்துக்கு ஏற்கெனவே காப்புரிமை வைத்திருந்தார். அவர் கடிகாரக்காரர் என்பதுதான் இந்தக் கதையின் முக்கியமான தகவல்.

அவர் யோசனை இது. அனுப்புகிற ஊரில் ஒரு ஊசல், வாங்குகிற ஊரில் ஒரு ஊசல். அனுப்புகிற ஊசலின் முனையில் இருக்கும் ஊசி உலோக எழுத்துகளின்மேல் தடவிக்கொண்டே போகும். உலோகத்தைத் தொட்டால் கம்பியில் மின்சாரம் பாயும், தொடாவிட்டால் பாயாது. அந்தப் பக்கம் ரசாயனம் தோய்த்த காகிதத்தின்மேல் இன்னொரு ஊசி. மின்சாரம் வந்த இடமெல்லாம் காகிதம் நிறம் மாறும். ஒவ்வொரு வீச்சுக்கும் எழுத்தும் காகிதமும் ஒரு நூல் நகரும். வரி வரியாகப் படம் உருவாகிவிடும்.

ஒரே ஒரு நிபந்தனை. இரண்டு ஊசலும் ஒரே தாளத்தில் ஆட வேண்டும். ஒன்று கொஞ்சம் முந்தினாலும் அந்தப் பக்கம் எழுத்து சாய்ந்து, கோணி, அழிந்து போகும். 1851-ல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் பேக்வெல் என்பவர் ஊசலுக்குப் பதில் உருளையை வைத்துச் செய்து காட்டினார். உருளையானாலும் பிரச்சினை அதேதான். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும்.

இதை ஓரளவு வென்றவர் ஜியோவன்னி காஸெல்லி என்ற இத்தாலியப் பாதிரியார். அவருடைய 'பான்டெலிகிராஃப்' ஆளுயரத்தையும் தாண்டிய இரும்பு யந்திரம். தாளத்துக்காகத் தந்திக் கம்பியை நம்பாமல், இரண்டு முனையிலும் தனித்தனியே நல்ல கடிகாரங்களை வைத்து ஊசல்களைக் கட்டுப்படுத்தினார். மூன்றாம் நெப்போலியன் ஆதரவில் 1865-ல் பாரிஸுக்கும் லியோனுக்கும் நடுவே பொதுமக்களுக்கான சேவை தொடங்கியது. மக்கள் அதில் முக்கியமாக எதை அனுப்பினார்கள் தெரியுமா? கையெழுத்து. வங்கிப் பரிவர்த்தனையில் இது இன்னாருடைய கையெழுத்துதானா என்று சரிபார்க்க. செய்தி போக வேண்டுமானால் சாதாரணத் தந்தியே போதும். மனிதன் போட்ட கையெழுத்து அப்படியே போக வேண்டுமானால்தான் இது தேவைப்பட்டது. இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், புனேயில் தேவைப்படும்.

அப்புறம் ரொம்ப காலத்துக்கு இந்தத் தொழில்நுட்பம் பத்திரிகைகளுக்குப் படம் அனுப்பும் வேலையில் இருந்தது. ஆபீஸுக்குள் வந்தது 1966-ல், ஜெராக்ஸ் கம்பெனியின் டெலிகாப்பியர் வழியாக. சுமார் 21 கிலோ. ஒரு பக்கத்துக்கு 6 நிமிடம். போன் ரிசீவரையே அதன்மேல் கவிழ்த்து வைக்க வேண்டும், மெஷின் போனுக்குள் சத்தம் போடும். அமெரிக்காவில் அன்றைக்குப் போன் கம்பெனியின் கம்பியில் அடுத்தவர் கருவியை நேரடியாகச் சொருக அனுமதி இல்லை. 1968-ல் வந்த கார்ட்டர்ஃபோன் தீர்ப்புதான் அந்தக் கதவைத் திறந்தது.

ஆளுக்கொரு முறையில் மெஷின் செய்தால் ஒன்றோடொன்று பேசாதே? அதனால் சர்வதேசத் தந்தி, தொலைபேசி ஆலோசனைக் குழு தரம் வகுத்தது. 1968-ல் முதல் தொகுதி, பக்கத்துக்கு 6 நிமிடம். 1976-ல் இரண்டாம் தொகுதி, 3 நிமிடம். 1980-ல் மூன்றாம் தொகுதி, ஒரு நிமிடத்துக்குள். நம் ஊர் எஸ்டிடி பூத் மூலையில் துணி போர்த்தி உட்கார்ந்திருந்ததே, பக்கத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டு? அதெல்லாம் இந்த மூன்றாம் தொகுதி ஜாதிதான்.

ஒரு நிமிடத்துக்குள் எப்படி முடிந்தது? ஏ4 பக்கத்தின் ஒரு வரியை 1728 புள்ளிகளாக வெட்டுகிறார்கள். பக்கத்துக்குச் சுமார் 1140 வரி. மொத்தம் கிட்டத்தட்ட 20 லட்சம் புள்ளிகள். விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் அப்படியே அனுப்பினால் மூன்றரை நிமிடம் ஆகும். ஆனால் ஒரு கடிதத்தில் பெரும்பகுதி வெள்ளைதானே. "இங்கிருந்து 900 புள்ளி வெள்ளை" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டால் போயிற்று. டேவிட் ஹஃப்மன் என்பவர் எம்.ஐ.டி.யில் மாணவராக இருந்தபோது கண்டுபிடித்து 1952-ல் வெளியிட்ட சுருக்கும் முறை இதற்குக் கை கொடுத்தது. எழுத்துகள் ஆயிரக்கணக்கில் உள்ள ஜப்பானியர்களுக்குத் தட்டச்சு, டெலெக்ஸ் எல்லாம் தலைவலி. எழுதியதை அப்படியே அனுப்பலாம் என்றதும் ஃபேக்ஸைக் கட்டிக்கொண்டார்கள்.

சரி, புனே.

மருத்துவக் காப்பீட்டில் 'கேஷ்லெஸ்' வசதி உண்டல்லவா? கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நின்று அந்த அனுமதியைக் கொடுக்கிற இடைநிலை அலுவலகங்களுக்கு ஐஆர்டிஏ 2001-ல் விதிமுறை கொண்டுவந்தது. அப்படிப்பட்ட ஒரு ஆபீஸின் போன் அமைப்பை மாற்றும் வேலைக்குத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளி படுத்ததும், டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட படிவத்தை ஃபேக்ஸில் அனுப்புவார்கள். இங்கே பார்த்து, அனுமதிக் கடிதத்தைத் திருப்பி ஃபேக்ஸில் அனுப்ப வேண்டும். அது வரும்வரை குடும்பம் கவுன்டர் முன்னால் நிற்கும். காஸெல்லி காலத்து அதே கையெழுத்துப் பிரச்சினைதான்.

மூன்று ஃபேக்ஸ் மெஷின்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டவர் ஒரு ஐம்பது வயது அம்மா. எல்லோரும் அவரைத் 'தாயி' என்று கூப்பிடுவார்கள். மராத்தியில் அதற்கு அக்கா என்று அர்த்தம். எங்கள் பக்கம் தாயி என்று பாசமாகக் கூப்பிட்டே பழகிய எனக்கு அது சுலபமாக நாக்கில் ஒட்டிக்கொண்டது. தாயிக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனால் மெஷின் போடும் சத்தத்தை வைத்தே இது போகும், இது போகாது என்று சொல்லிவிடுவார். கூப்பிடும் மெஷின் அரை விநாடி 'பீப்' என்று கத்தி மூன்று விநாடி காத்திருக்கும். எடுக்கிற மெஷின் நீளமாக ஒரு ராகம் இழுக்கும். அப்புறம் இரண்டும் மெதுவான வேகத்தில் "உனக்கு என்ன வேகம் முடியும்? இந்த வேகம் சரியா?" என்று கரகரவென்று பேரம் பேசி, ஒத்திகை பார்த்து, அதன்பிறகுதான் பக்கம் கிளம்பும். அந்தப் பேரம் தாயிக்கு மனப்பாடம்.

நான் என்ன செய்தேன்? பழைய ஈபிஏபிஎக்ஸ் பெட்டியைக் கழற்றிவிட்டு எல்லா மேஜைக்கும் ஐபி போன் வைத்தேன். வெளி உலகத்துக்குத் தொலைபேசி நிறுவனத்தின் 30 சேனல் ஈ1 லைன் ஒன்று, அதைச் சொருக ஒரு கேட்வே. பழைய ஃபேக்ஸ் மெஷின்களை உள் நெட்வொர்க்கோடு சேர்க்கச் சின்ன அடாப்டர் பெட்டிகள். ஒரு பக்கம் ரூட்டர் கேபிள், மறுபக்கம் போன் பின். போன் எல்லாம் பிரமாதமாக வேலை செய்தது. மேனேஜர் கைகுலுக்கினார். "சாஹேப், ஒரு ஃபேக்ஸும் வரவில்லை" என்றார் தாயி.

முதல் காரணம் எனக்கே உடனே தெரிந்தது. இன்டர்நெட் வழிப் பேச்சில் குரலை விநாடிக்கு 8000 முறை அளந்து, பெரும்பாலும் 20 மில்லிவிநாடித் துண்டுகளாக நறுக்கி, பாக்கெட் போட்டு அனுப்புகிறோம். இடத்தைச் சேமிக்க ஜி.729 போன்ற முறையில் சுருக்குவதும் உண்டு. 64 கிலோபிட்டை 8 கிலோபிட் ஆக்கிவிடும். எப்படி? மனிதத் தொண்டை எப்படிச் சத்தம் போடும் என்று அதற்குத் தெரியும். தொண்டையின் வர்ணனையை மட்டும் அனுப்பி, அந்தப் பக்கம் குரலை மறுபடி செய்துகொள்ளும். ஃபேக்ஸுக்குத் தொண்டை ஏது? அதன் சத்தத்தை இதில் போட்டால் வெறும் கரகரப்புதான் வெளியே வரும். சுருக்கத்தை எடுத்துவிட்டு முழு 64 கிலோபிட் ஜி.711-க்கு மாற்றினேன். ஃபேக்ஸ் வந்தது. வெற்றி என்று அறிவித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் தாயி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். கட்டம் போட்டு எழுதியிருந்தார். ஒரு பக்க ஃபேக்ஸ் அநேகமாக வருகிறது. மூன்று பக்கம் என்றால் இரண்டாவதில் அறுந்துவிடுகிறது. வாட்ச்மேன் அறையில் தனியாக விட்டு வைத்திருந்த பழைய நேரடி லைனில் மெஷினைச் சொருகினால் எல்லாமே வருகிறது. "மெஷின் நல்லாத்தான் இருக்கு, உங்க லைன்லதான் ஏதோ தப்பு" என்றார்.

அந்த நோட்டை நான் ஒழுங்காகப் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை. பேச்சு அவ்வளவு சுத்தமாகக் கேட்கும்போது லைனில் எப்படித் தப்பு இருக்கும்? கேபிளை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன், மெஷின் பழசு என்றேன். கடைசியில் யாரோ சொன்ன வைத்தியத்தைச் செய்தேன்: ஃபேக்ஸில் இருக்கும் பிழை திருத்தும் வசதியை அணைத்துவிட்டு, வேகத்தையும் 9600-க்குக் குறைப்பது. அந்த வசதி இருந்தால் கெட்டுப்போன பகுதியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசியில் சோர்ந்துபோய் இணைப்பைத் துண்டித்துவிடும். அணைத்துவிட்டால் கேட்காது, கிடைத்ததை அச்சடித்துவிடும். அணைத்தேன். மூன்று பக்கமும் வர ஆரம்பித்தது.

ஆனால் எப்படி வந்தது? சில பக்கங்களின் நடுவில் பட்டையாக வரிகள் இல்லை. சிலவற்றில் கீழ்ப்பாதி வெள்ளை. இதைவிட மோசம், சில நேரம் எங்கள் மெஷின் இதையெல்லாம் நல்ல பக்கம் என்று கணக்கில் எடுத்துக்கொண்டு பதில் சொல்ல, அனுப்பிய ஆஸ்பத்திரியின் மெஷின் "ஓகே" என்று ரிப்போர்ட் அடித்துக் கொடுத்தது.

நாசிக்கிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். மனைவிக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரி "அனுப்பிவிட்டோம், இதோ ஓகே ரிப்போர்ட்" என்கிறது. எங்கள் ஆபீஸில் டாக்டர் கையெழுத்து இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருக்கிறது, ஆகவே ஃபைல் 'முழுமையற்றது'. இரண்டு தடவை அனுப்பியும் இதே கதை. யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோர் கையிலும் ஒரு காகிதம் இருந்தது. "நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டேன். இனிமேல் அவசரமில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், தப்பு எங்கள் பக்கமா?" என்று கேட்டார். தாயி போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

அன்று ராத்திரி அந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். ஒரு பக்கம் தப்பிக்கிறது, நீளமானது மாட்டுகிறது. அப்படியென்றால் நேரம் சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று. கேட்வேயின் ஈ1 போர்ட்டில் எண்ணிக்கைகளைப் பார்த்தேன். 'ஸ்லிப்' என்ற இடத்தில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. கடிகார அமைப்பைப் பார்த்தேன். லைனிலிருந்து எடுத்துக்கொள் என்று இருக்க வேண்டியது, சொந்தக் கடிகாரம் என்று இருந்தது. அமைத்தவன் நான்தான்.

இதுதான் விஷயம். ஈ1 லைனில் விநாடிக்கு 8000 சட்டங்கள் ஓடும், ஒவ்வொன்றும் 125 மைக்ரோவிநாடி. எக்ஸ்சேஞ்ச் தன் கடிகாரப்படி அனுப்புகிறது, கேட்வே தன் கடிகாரப்படி எடுக்கிறது. இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 5 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு சட்டம் உபரியாகும் அல்லது குறையும். உபரியைத் தூக்கிப் போடும், குறைந்தால் பழையதையே இன்னொரு தடவை போடும். அதுதான் ஸ்லிப். பேச்சில் 125 மைக்ரோவிநாடி காணாமல் போனால் யாருக்குத் தெரியும்? அதிகபட்சம் ஒரு சின்ன 'டிக்'. காது அதை மன்னித்துவிடும். மூளை மீதியை நிரப்பிக்கொள்ளும். ஆனால் 9600 வேகத்தில் ஃபேக்ஸ் 1700 ஹெர்ட்ஸ் அலையின் கோணத்தைத் திருப்பித் திருப்பித்தான் பிட்டுகளை அனுப்புகிறது, குறைந்தபட்சம் 45 டிகிரி இடைவெளியில். 125 மைக்ரோவிநாடி நழுவினால் அந்த அலை ஒரேயடியாக 76 டிகிரி குதிக்கும். மெஷின் தாளத்தைத் தவறவிடும். சுதாரித்துக்கொண்டால் சில வரிகள் போகும், முடியாவிட்டால் பக்கத்தின் மீதியே போய்விடும்.

பெய்னின் இரண்டு ஊசல்கள்! 165 வருஷம் கழித்து, அதே இரண்டு ஊசல் ஒத்துப்போகாமல் ஒரு டாக்டரின் கையெழுத்தை அழித்திருக்கிறது. காஸெல்லி லைனை நம்பாமல் இரு முனையிலும் சொந்தக் கடிகாரம் வைத்து ஜெயித்தார். நானும் அறியாமல் அதையே செய்திருந்தேன், ஆனால் என் காலத்துக்கு அது தலைகீழ். ஒரு வரி மாற்றினேன். எண்ணிக்கை நின்றது. பிழை திருத்தும் வசதியை மறுபடி போட்டேன். காலையில் தாயி பன்னிரண்டு பக்க ஃபேக்ஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

இந்த அவஸ்தை எனக்கு மட்டும் வந்ததல்ல. இணையவழிப் பேச்சில் பாக்கெட் தொலையும், தாமதமாகும்; எதிரொலியை அடக்குகிற கருவியும் அமைதி வந்தால் எதையும் அனுப்பாத சிக்கனமும் ஃபேக்ஸைக் கெடுக்கும். 9600 வேகத்தில் ஒரு 20 மில்லிவிநாடி பாக்கெட் தொலைந்தால் 192 பிட் போச்சு. அதனால்தான் 1998-லேயே ஐடியூ டி.38 என்ற தரத்தை வெளியிட்டது. அதில் சத்தத்தையே அனுப்புவதில்லை. ஃபேக்ஸ் பக்கத்திலிருக்கும் பெட்டியே எதிர் மெஷின் மாதிரி நடித்து, சத்தத்தைக் கேட்டுப் பிட்டுகளாக்கி, ஒவ்வொரு பாக்கெட்டிலும் முந்தைய பாக்கெட்டுகளின் சரக்கையும் சேர்த்து அனுப்பும். ஒன்று தொலைந்தாலும் அடுத்ததில் இருக்கும். அந்தப் பக்கப் பெட்டி மறுபடி சத்தமாக்கிக் கொடுக்கும். அருமையான யோசனை, ஆனால் வழியிலிருக்கும் எல்லாப் பெட்டிக்கும் அந்தப் பாஷை தெரிந்திருக்க வேண்டும். ஈ1 பக்கம் கடிகாரம் நழுவினால் டி.38-ம் காப்பாற்றாது, ஏனென்றால் கெட்ட சத்தம்தான் அதன் காதிலேயே விழும்.

நம் நாட்டில் இன்னொரு முடிச்சும் இருந்தது. 2002 ஏப்ரல் 1 முதல் இணையத் தொலைபேசி அனுமதிக்கப்பட்டாலும், இணைய வழியில் கிளம்பி உள்நாட்டுச் சாதாரண போன் எண்ணில் போய் இறங்க அப்போது அனுமதி இல்லை. 2018-ல்தான் அது திறந்தது. புனே ஃபேக்ஸைக் கம்பெனி நெட்வொர்க் வழியே சென்னைக் கிளைக்குக் கொண்டுபோய் அங்கே உள்ளூர் லைனில் இறக்கினால் எஸ்டிடி காசு மிச்சம் என்று மேனேஜருக்கு ஆசை. சட்டப்படி கூடாது என்று சொல்லிப் புரிய வைக்க ஒரு வாரம் ஆனது :-)

இன்றைக்கும் யாராவது இந்த வேலையைச் செய்யப் போகிறீர்கள் என்றால் என் அனுபவம் இவ்வளவுதான். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். அப்புறம் ஜி.711, முடிந்தால் டி.38. பிழை திருத்தத்தைக் கடைசிவரை அணைக்காதீர்கள். ஒரு நேரடி லைனைத் தனியே வைத்திருங்கள். ஆபீஸில் ஒரு தாயி இருந்தால் அவர் நோட்டை முதல் நாளே வாங்கிப் படியுங்கள்.

தந்தி 2013 ஜூலையில் நம் நாட்டில் விடைபெற்றது. ஃபேக்ஸுக்கு அப்படி ஒரு கடைசி நாள் யாரும் குறிக்கவில்லை. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் 2018-ல் கணக்கெடுத்தபோது சுமார் 9 ஆயிரம் மெஷின்கள் இருந்தன. 2019 ஜனவரி முதல் புதிதாக வாங்கக் கூடாது என்று தடை போட்டார்கள். ஜப்பானில் 2020-ல் கொரோனா நோயாளிகளின் விவரம் சுகாதார மையங்களுக்கு ஃபேக்ஸில் போய்க்கொண்டிருந்தது என்பது பெரிய செய்தியானது. பழமைவாதம் என்று சிரிக்கிறோம். ஒரு கையெழுத்துப் போய்ச் சேர்ந்தது என்பதற்குக் கையில் பிடிக்கிற மாதிரி ஒரு அத்தாட்சி வேண்டும் என்பது 1865-லிருந்து மாறவில்லை, அவ்வளவுதான்.

நாசிக் பெரியவருக்குப் பணம் பிறகு விதிப்படி திரும்பக் கிடைத்தது. அடகு வட்டி கிடைக்கவில்லை, அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. அவர் கேட்ட கேள்விக்கு அன்று தாயிதான் போனில் பதில் சொன்னார்: "தப்பு எங்க பக்கம்தான், பாபா." நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அதை நான் சொல்லியிருக்க வேண்டும்.